தாழிக்காரர் யாருடைய பாட்டன்

மருதடிக்கும் வேப்பங்காட்டுக்கும் நடுவே ஒரு குளம். அதைத் தூர்வாரியபோது முதுமக்கள் தாழி ஒன்று கிடைத்தது. உள்ளே இருந்தவர் எங்கள் பாட்டன் என்று இரண்டு ஊரும் மல்லுக்கு நின்றன. கோவிலில் முதல் மரியாதைக்கே அடித்துக்கொள்கிறவர்கள், பாட்டனை விட்டுக்கொடுப்பார்களா?

தாழியில் இருந்த பல், பேராசிரியை ரெபேக்காவின் மரபணு ஆய்வுக்கூடத்துக்கு வந்தது. அவரிடம் ஆராய்ச்சி மாணவனாக இருந்த காந்திமதிநாதன் மருதடிக்காரன். பல்லைக் குடைந்து பொடி எடுத்தவனும் அவன்தான். இரண்டு ஊர்க்காரர்களின் மரபணுவோடும் தன்னுடையதோடும் ஒப்பிட்டுக் கணக்குப் போட்டான். விடை வந்ததும் அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

"மேடம், தாழிக்காரர் எங்க ஆளு. அதுலயும் என்னோடதான் ரொம்ப நெருக்கம். கூடப் பிறந்தவர் மாதிரி ஒத்துப்போகுது."

"ஊருக்குச் சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன். பேனரே வச்சுட்டாங்க."

ரெபேக்கா கணினிப் பக்கம் திரும்பவே இல்லை. "அவர் செத்து எவ்வளவு காலம் இருக்கும்?"

"ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல."

"உனக்குத் தாத்தா பாட்டி நாலு பேர். அவங்களுக்கு அப்பா அம்மா எட்டு பேர். அப்படியே பின்னால போயிட்டே இரு."

மனசுக்குள் பெருக்கிக்கொண்டே போனான். கொஞ்ச தூரத்திலேயே மருதடி கொள்ளவில்லை. இன்னும் போனதும் நாடே கொள்ளவில்லை.

"அன்னைக்கு இவ்வளவு ஜனமே இல்லையே மேடம்."

"அதனால?"

"ஒரே ஆளு பல பேருக்குப் பாட்டனா இருந்தாகணும். வம்சம் தழைச்சிருந்தா, இந்தப் பக்கத்துல கிட்டத்தட்ட எல்லாருக்கும்."

"அப்புறம் உனக்கு மட்டும் எப்படிக் கூடப் பிறந்தவரானார்?"

அவன் திரையில் இருந்த கணக்கை மறுபடி மேலிருந்து பார்த்தான்.

"குடையறப்போ முகக்கவசம் போட்டிருந்தியா?"

அவன் முகம் சுருங்கியது. "வேர்த்துச்சு மேடம். கொஞ்ச நேரம் கழட்டினேன்."

"அப்ப நீ கண்டுபிடிச்சது உன் எச்சிலை." புதுக் கவசம் ஒன்றை எடுத்து அவன் கையில் வைத்தார். "பல்லோட வேர் இன்னும் மிச்சம் இருக்கு. போ."

அன்றைக்கே வேரைக் குடைந்தான். வேர்த்துக் கொட்டியும் கவசத்தைத் தொடவில்லை.

இந்தத் தடவை தாழிக்காரர் இரண்டு ஊர்க்காரர்களோடும் ஒரே அளவுக்குத்தான் ஒத்துப்போனார். காந்திமதிநாதனுக்கும் மற்றவர்களுக்குக் கிடைத்த அதே கொஞ்சம்தான்.

"இனி ஊர்ல எப்படித் தலைகாட்டுவேன் மேடம்? 'தாழிக்காரர் எங்கள் பாட்டன்'னு பெரிசாப் போட்டிருக்காங்க. இறக்கச் சொல்லிடவா?"

"எதுக்கு இறக்கணும்? எழுதியிருக்கிறது சரிதானே," என்றார் ரெபேக்கா. "அதே மாதிரி இன்னொண்ணு அடிச்சு, வேப்பங்காட்டுல நீயே கொண்டுபோய்க் கட்டிட்டு வா."