பரிமாறிய இலை

"மேடம், என் ரத்தமே என்னை ஏமாத்துது" என்றார் சிற்சபேசன்.

ஆஸ்பத்திரியில் குழந்தைகளைப் பார்த்துப் பார்த்தே தலை நரைத்த டாக்டர் அவர். ஐம்பது வயதில் ஆராய்ச்சி படிக்க வந்திருந்தார். குரு ரெஜினா அவரைவிட இளையவர். ஆனாலும் ஆய்வுக்கூடத்தில் ரெஜினா சொன்னால் சொன்னதுதான்.

"என்ன ஆச்சு?"

"ரத்தத்துல கிருமிக்குப் பதிலா ஈஸ்ட்டைப் போட்டேன். வெள்ளணு போய் ஒட்டிக்குது. ஆனா ஒண்ணுகூட விழுங்கல. மைமூனோடதும் அப்படித்தான், ஒத்துப் பார்க்க எடுத்த என்னோடதும் அப்படித்தான்."

மைமூன் சின்னக் குழந்தை. உடம்பெல்லாம் சீழ்க்கட்டி, ஒன்று ஆறினால் இன்னொன்று. அவள் வெள்ளணுவுக்குக் கிருமியை விழுங்கவே வராது என்றால், எலும்பு மஜ்ஜையையே மாற்றவேண்டி வரலாம். மடியில் அவளோடு அம்மா வெளியே பெஞ்சில் பதிலுக்குக் காத்திருந்தாள்.

"ஒட்டினதும் என்ன நடக்கணும்?"

கடகடவென்று ஒப்பித்தார். "வெள்ளணுவோட சவ்வுல ஒரு என்சைம் கொழுப்பை வெட்டும். வெட்டின துண்டு உள்ளே ஓடிக் கால்சியத்தைத் திறந்துவிடும். வெளியிலேருந்தும் கால்சியம் வரும். அந்தச் சேதி போனாத்தான் வெள்ளணு வாயைத் திறக்கும்."

"எல்லாம் தெரியுதே. வாங்க."

சாப்பாட்டு அறையில் ரெஜினா இலை போட்டார். சோறு, சாம்பார், கத்தரிக்காய்ப் பொரியல், அப்பளம். எதிரில் உட்கார்ந்து அவரையே பார்த்தார். சாப்பிடுங்கள் என்று மட்டும் சொல்லவில்லை.

அப்பளம் நமுத்துப்போனது. டாக்டரின் கை மடியிலேயே இருந்தது.

"பசிக்கலையா?"

"உயிர் போகுது மேடம்."

"சோறு இருக்கு. கையும் இருக்கு."

"நீங்க ஒரு வார்த்தை சொல்லாம எப்படிக் கை வைக்கிறது?"

"ரத்தத்தை எந்தக் குழாய்ல எடுத்தீங்க?"

"ஊதா மூடிதான். ஆஸ்பத்திரியில எப்பவும்..."

நாக்கைக் கடித்துக்கொண்டார். ரத்தம் உறையாதிருக்க அந்தக் குழாயில் போடும் மருந்து, கால்சியத்தைத்தான் பிடித்துக் கட்டிவைக்கும்! சேதி சொல்லவேண்டியவன் வாயைக் கட்டிவிட்டு, வெள்ளணு சாப்பிடவில்லை என்று அழுதிருக்கிறார். கைப்பழக்கம் செய்த வேலை. இலையை அப்படியே விட்டுவிட்டு ஓடினார்.

பச்சை மூடிக் குழாயில் இரண்டு பேர் ரத்தத்தையும் மறுபடி எடுத்தார். அதிலுள்ள மருந்து கால்சியத்தின் வம்புக்குப் போகாது. மைக்ரோஸ்கோப்பில் முதலில் தன்னுடையதைப் பார்த்தார். பிறகு மைமூனுடையது. ஈஸ்ட்டைச் சுற்றி மெல்ல வெள்ளணுவின் விளிம்பு எழும்பியது. மூடியது. உள்ளே இழுத்துக்கொண்டது. பக்கத்தில் இன்னொன்று.

அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டே திரும்பினார். இலை அங்கேயே இருந்தது. சோறு ஆறிப்போயிருந்தது. ரெஜினா எழுந்திருக்கவில்லை.

"விழுங்குது மேடம். அவளோடதும் விழுங்குது."

"சாப்பிடுங்க டாக்டர்."