வண்டிக்குக் காது உண்டு

ஒருவர் மூன்று பேரிடம் ஒரே கேள்வியைக் கேட்டார். மூவரும் பொய் சொல்லவில்லை. ஆனாலும் அவர் தன் மகளுக்குக் கொடுத்த வாக்கு உடைந்துபோனது. எப்படி? கவனமாகக் கேளுங்கள். விடைக்கு வேண்டியதெல்லாம் கதைக்குள்ளேயே இருக்கிறது.

போடிக்குப் பக்கத்தில், மலையடிவாரத்து ஊர் ஒன்றில் சௌந்தரபாண்டி மளிகைக் கடை வைத்திருந்தார். மூட்டை தூக்கித் தூக்கி அவருடைய இடுப்பு கெட்டுவிட்டது. இனி ஒரு குடம் தண்ணீர்கூடத் தூக்கக் கூடாது என்று டாக்டர் கண்டித்திருந்தார். அவருடைய மகள் கனிஷ்காவுக்குப் பதினொரு வயது. பிறந்ததிலிருந்தே கால்கள் இயங்காது. சக்கர நாற்காலியில்தான் எங்கும் போவாள்.

அவர்களிடம் பழைய கார் ஒன்று இருந்தது. தாழ்வான கார். அதன் இருக்கையும் சக்கர நாற்காலியும் ஒரே உயரம். கனி இரண்டுக்கும் நடுவில் ஒரு வழவழப்பான பலகையை வைப்பாள். கைகளை ஊன்றி, தானே நகர்ந்து உள்ளே போய்விடுவாள். பள்ளி வாசலில் இறங்குவதும் அப்படித்தான். யாராவது கை கொடுக்க வந்தால், "தள்ளிக்கோங்க, நானே வருவேன்" என்பாள்.

தொல்லை சாலையில் இருந்தது. லாரிகள் ஓடி ஓடி அது பள்ளமும் கல்லுமாகக் கிடந்தது. மழைக்காலத்தில் காரின் அடிப்பக்கம் தட்டிப் பாதி வழியில் நின்றுவிடும். கனி பள்ளிக்குப் போகாத நாட்கள் கூடிக்கொண்டே போயின.

"கவலைப்படாத கனி. பள்ளத்துல நிக்காத வண்டியா வாங்குறேன். இனி ஒரு நாளும் லீவு கிடையாது. நீயே ஏறலாம், நீயே இறங்கலாம்" என்றார் அப்பா.

உயரமான சிறிய எஸ்.யூ.வி. ஒன்றின் மேல் அவர் கண் விழுந்திருந்தது. என்ன வண்டி என்று மகளிடம் சொல்லவில்லை. அது வாசலில் வந்து நிற்கும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டும் என்று ஆசை. விற்பவர் எதையும் நல்லது என்றுதான் சொல்வார். கடைக்காரரான அவருக்கு அது தெரியாதா? அதனால் அதே வண்டியை வைத்திருப்பவர்களிடம் போய், நல்ல வண்டியா என்று கேட்டார்.

மருந்துக்கடை ரத்தினவேல் தன் வண்டியைத் தட்டிக்கொடுத்தார். "மேல உக்காந்தா ஊரே கீழ தெரியும்ணே. பள்ளமாவது, மேடாவது! ஒங்க கார் மாதிரி வயித்தைத் தேச்சுக்கிட்டுப் போகாது."

கல்யாணத்துக்குப் படம் எடுக்கும் ஜீவா, பதில் சொல்லாமல் அவரை எதிர்ப்பக்கத்து டீக்கடைக்கு இழுத்துப் போனான். அங்கே போய்த்தான் குரலைத் தாழ்த்தினான். "மலை ஏறுறப்ப பெட்ரோலைக் குடிக்கும்ணே. வண்டி பக்கத்துல வச்சுச் சொன்னா அதுக்குக் கோவம் வந்துரும்."

அந்த ஊர்க்காரர்கள் வண்டி அருகில் நின்று அதைக் குறை சொல்லமாட்டார்கள். சொன்னால் நடுவழியில் நின்று பழிவாங்கிவிடுமாம். சௌந்தரபாண்டியும் விதிவிலக்கல்ல. பழைய காரைத் திட்ட வேண்டுமென்றால் கொல்லைப்பக்கம் போய்த்தான் திட்டுவார்.

மூன்றாவதாக, டீச்சர் பிரேமலதா வீடு. வாசலிலேயே வண்டி நின்றது. திறந்திருந்த வண்டிக் கதவுக்குள் ஒரு சிறிய பிளாஸ்டிக் முக்காலி கிடந்தது.

"உள்ள வாங்கண்ணே. ஒரு வாய் காப்பி குடிச்சுக்கிட்டே நிதானமாப் பேசுவோம்."

"கடையைத் தெறந்து போட்டுட்டு வந்திருக்கேன் டீச்சர். நல்ல வண்டியா இல்லையா? ஒரே வார்த்தை."

டீச்சர் வண்டியைப் பார்த்தார். பிறகு, "நல்ல வண்டிதாண்ணே" என்றார்.

சௌந்தரபாண்டி பழைய காரைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்தார். கோயிலில் பூஜை போட்டு, சக்கரத்தில் எலுமிச்சை நசுங்க, மாலையோடு வண்டி வீட்டு வாசலுக்கு வந்தது.

கனி பலகையோடு வந்தாள். அண்ணாந்து பார்த்தாள்.

"அப்பா, இது மாடி மாதிரியில்ல இருக்கு?"

பலகையின் ஒரு முனையை இருக்கையில் வைத்தாள். அது சறுக்குமரம்போல் சாய்ந்து நின்றது. கையை ஊன்றி ஏறினாள். வழுக்கி நாற்காலிக்கே வந்தாள். மறுபடி ஏறினாள். மறுபடி வழுக்கினாள். கடைசியில் அப்பா அவளைத் தூக்கி உள்ளே வைத்தார். மறுநாள் அவரால் பாயிலிருந்து எழுந்திருக்க முடியவில்லை.

செய்தி கேட்டு டீச்சர் வந்தார். கொல்லையில் நின்று அழுதார். "எங்க மாமியாரே அந்த முக்காலி போட்டுத்தாண்ணே ஏறுவாங்க. அதைச் சொல்லத்தான் காப்பிக்குக் கூப்பிட்டேன். பாப்பாவுக்குத்தான்னு நீங்க ஒரு வார்த்தை சொல்லலையே."

நிற்க முடியாத பிள்ளைக்கு முக்காலி எதற்கு? வீட்டு வாசலில் மேடை கட்டலாம். பள்ளி வாசலிலும் ஆஸ்பத்திரி வாசலிலும் யார் கட்டுவார்கள்? பழைய காரை வாங்கியவர் மலைக்கு அந்தப்பக்கம் கொண்டுபோய்விட்டார். அது இருந்தாலும் சாலை அதேதான்.

தனக்குப் பிடித்ததை மட்டும் சொன்னார் ரத்தினவேல். தள்ளிப் போய்க் குறை சொன்னான் ஜீவா. வழக்கத்துக்குப் பயந்து வாயை மூடினார் டீச்சர். மகளை மகிழ்விக்க நினைத்து அவளிடமே மறைத்தார் அப்பா. இதில் யார் செய்தது சரி? யார் செய்தது தவறு?

விடை: மூவரும் தங்களிடம் கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொன்னார்கள். வண்டி எப்படி என்று கேட்ட அப்பா, யார் ஏறப்போகிறார் என்று சொல்லவில்லை. ஒரு காப்பி நேரம் உட்கார்ந்திருந்தால் தெரிந்திருக்கும். வண்டி எடுக்குமுன் கனியையும் பலகையையும் கூட்டிப் போயிருந்தால், யாரையும் கேட்க வேண்டியதே இல்லை. ஆனால் விடை தெரிந்ததால் இருக்கை தாழ்ந்துவிடவில்லை. என்ன செய்யலாம் என்று அப்பா கனியிடம் கேட்டார். முதல்முறையாக அப்போதுதான் கேட்டார். பரீட்சை நாட்களில் மட்டும் யாரையாவது விட்டுத் தூக்கச் சொன்னால் போதும், மற்ற நாட்களில் வீட்டிலேயே இருந்துகொள்கிறேன் என்று கனி சொன்னாள்.