குடை, கிளாஸ், இரண்டு அம்பு

திருச்செங்கோட்டில் ரிக் வண்டி பழுது பார்க்கும் பட்டறைகள் ஏராளம். ஆழ்துளைக் கிணறு தோண்டும் அந்த வண்டிகள் நாடு முழுக்கச் சுற்றிவிட்டு உடம்பு நோகும்போது இங்கேதான் வந்து படுக்கும். இது நடந்தது எந்தப் பட்டறையில் என்று உள்ளூரில் யாரும் கேட்பதில்லை. கேட்காமலே தெரியும்.

அர்த்தநாரியின் பட்டறையில் அவரைச் சேர்த்து மூன்று பேர். வெல்டர் வையாபுரி, ஃபிட்டர் சீரங்கன் ஆகியோர் மற்ற இருவர். மூவருமே சொன்னதைச் செய்கிறவர்கள். சொன்னதற்கு ஒரு நூல் கூட்டவும் மாட்டார்கள், குறைக்கவும் மாட்டார்கள். ஒருமுறை ஒரு ரிக்காரர், "நான் வர்ற வரைக்கும் எஞ்சினை நிறுத்தாதீங்க" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். சாப்பிடும் இடத்தில் மாமனார் இறந்த செய்தி வர, அப்படியே பஸ் ஏறிவிட்டார். பதினாறாம் நாள் காரியம் முடிந்து திரும்பியபோது எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. மூவரும் முறைபோட்டு டீசல் ஊற்றியிருந்தார்கள்.

இப்படிப்பட்ட உழைப்பினால் வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் குறைந்தார்கள். குறைந்தவர்கள் எல்லாரும் எதிர்ப்பக்கம் போனார்கள். எதிர்ப்பக்கம் அர்த்தநாரியின் மச்சினன் ஈஸ்வரமூர்த்தி புதுப் பட்டறை போட்டிருந்தான். நல்ல பையன்தான். ஒருநாள் வந்து, "மாமா, எதுக்குச் சும்மா உட்கார்ந்திருக்கீங்க? எங்கிட்ட வந்துருங்க. சூப்பர்வைசர் வேலை. ஒண்ணே ஒண்ணு, பசங்க முன்னாடி மட்டும் என்னை முதலாளின்னு கூப்பிட்டுருங்க" என்றான்.

அர்த்தநாரி அன்று வீட்டில் கண்ணாடி முன் நின்று சொல்லிப் பார்த்தார். முதல் எழுத்துக்கு மேல் வாய் நகரவில்லை.

அந்த வாரம்தான் ஜெகநாதனின் சிவப்பு நிற ஸ்போர்ட்ஸ் கார், கருகல் நாற்றத்தோடு பட்டறை வாசலில் வந்து நின்றது. பன்னிரண்டு ரிக் வைத்திருப்பவர். காரை வெளிநாட்டிலிருந்து வரவழைத்திருந்தார். எஞ்சின் பின்னால் இருக்கும். உயரமோ இடுப்புக்கு வராது. வெளியூர் ஷோரூமுக்கு இழுத்துப் போக வந்த வண்டிக்காரன், இவ்வளவு தாழ்வான காருக்குக் கொக்கி மாட்ட இடமில்லை என்று திரும்பிப் போய்விட்டான். காருக்குள் இருந்த ஜெகநாதனிடம் மரியாதையாகப் பேச வேண்டும் என்பதற்காகச் சீரங்கன் தரையில் படுத்துக்கொண்டு, "வாங்கண்ணா" என்றான்.

ஜெகநாதன் வெளியே வந்து இடுப்பை நிமிர்த்திக்கொண்டார்.

"இத பாருங்க அர்த்தநாரி. கிளட்ச் போயிருச்சு. மாத்துங்க. ஆனா ஒரிஜினல் கம்பெனி பார்ட்டுத்தான் போடணும். நகல் எதுவும் எங்கியும் நுழையக் கூடாது. கழட்டுன பழைய பிளேட்டை எனக்குக் காட்டணும். பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துட்டுத்தான் சாவியைத் தரணும். மூணும் நடந்துச்சுன்னா என்ற பன்னெண்டு ரிக்கும் இனி உங்க பட்டறைக்குத்தான். ஒண்ணு தப்புனாலும் எதிர்ல போயிருவேன்."

"சரிங்க" என்றார் அர்த்தநாரி. எதிர்ப்பக்கம் திரும்பிப் பார்க்காமல் இருக்க அவருக்குக் கொஞ்சம் சிரமமாக இருந்தது.

மறுநாள் மூவரும் கோயம்புத்தூர் போனார்கள். பெரிய ஸ்பேர் கடை. கடைக்காரர் ஒரு பெட்டியை எடுத்து வைத்தார்.

"அந்தக் கார் கம்பெனிக்குக் கிளட்ச் செஞ்சு குடுக்கிற ஃபேக்டரியோட சரக்குங்க. அதே மிஷின், அதே ஆளு. பெட்டியில கார் கம்பெனி முத்திரை மட்டும் இருக்காது."

"அந்த ஃபேக்டரியில கார் செய்யறாங்களா?" என்று கேட்டார் அர்த்தநாரி.

"இல்லைங்க, கிளட்ச் மட்டும்தான்."

"கார் கம்பெனியில கிளட்ச் செய்யறாங்களா?"

"இல்லைங்க. இவங்ககிட்டத்தான் வாங்குறாங்க."

அர்த்தநாரி மற்ற இருவரையும் பார்த்தார். "அப்ப யோசிச்சுப் பாருங்க. இவங்க கிளட்ச்சைச் செஞ்சு அவங்களுக்குக் குடுக்குறாங்க. அவங்க அதுக்கு என்னமோ செய்யறாங்க. அதுக்கப்புறம்தான் அது ஒரிஜினல் ஆகுது."

"என்ன செய்வாங்க?" என்றார் வையாபுரி.

"அதைச் சொல்லிட்டா எல்லாரும் செஞ்சுருவாங்களே."

கடைக்காரர் மூவருக்கும் டீ வரவழைத்தார். பிறகு, சென்னையில் கம்பெனி பார்ட் வரவழைத்துக் கொடுக்கும் ஒருவருடைய போன் நம்பரை எழுதிக் கொடுத்து, வாசல்வரை வந்து வழியனுப்பினார்.

சென்னைக்காரர் போனில் சுருக்கமாகப் பேசினார். "சேஸிஸ் நம்பரை அனுப்புங்க. அது வந்தாத்தான் கம்பெனியில ஆர்டர் எடுப்பாங்க."

சேஸிஸ் நம்பர் காரின் முன்பக்க மூடிக்கு அடியில், இரும்பில் அடித்திருந்தது. சீரங்கன் ஒரு காகிதத்தை எடுத்தான்.

"எழுதாதே" என்றார் அர்த்தநாரி. "எழுதினா அது என்ன?"

சீரங்கன் யோசித்தான். "நகலுங்க."

"அவர் என்ன சொன்னாரு?"

"நகல் எங்கியும் நுழையக் கூடாதுன்னாரு."

"போட்டோ எடுத்து அனுப்பலாமா?" என்றார் வையாபுரி.

"போட்டோவும் அப்படித்தான். நம்பர் இங்க இருக்கும், அதோட சாயல்தான் அங்க போகும். சாயலைப் பார்த்து ஒருத்தன் ஒரிஜினல் தருவானா?"

மூவரும் நம்பரைக் குனிந்து பார்த்தார்கள். பிறகு வையாபுரி எழுந்து போய் கட்டிங் டார்ச்சைப் பற்றவைத்தார். ஓர் எழுத்தும் சேதமாகாமல் நம்பரைச் சுற்றி ஒரு சாண் நீளத்துக்கு அழகாக வெட்டி எடுத்தார். ஆறியதும் பழைய வேட்டியில் சுற்றி, பார்சல் லாரியில் சென்னைக்கு அனுப்பினார்கள்.

மூன்றாம் நாள் போன் வந்தது.

"என்னங்க இது?"

"நம்பருங்க."

எதிர்முனையில் இரும்பை மேசைமேல் வைக்கும் சத்தம் கேட்டது. "கார் ஓனருக்கு இது தெரியுமா?"

"தெரியாதுங்க. அவரையும் அனுப்பணுங்களா?"

"வேண்டாம்" என்றார் சென்னைக்காரர். "இதைத் திருப்பி அனுப்பிடறேன். பார்ட் வந்துடும். வந்ததும் பெட்டி மேல எப்படிப் போட்டிருக்கோ அப்படியே கையாளுங்க. அதை மீறினீங்கன்னா கம்பெனி பொறுப்பில்லை. நானும் பொறுப்பில்லை. தயவுசெஞ்சு எனக்குப் போன் பண்ணாதீங்க."

அதன்பிறகு அவர்கள் அவருக்குப் போன் செய்யவில்லை.

நம்பர் முதலில் வந்தது. வையாபுரி அதை அதன் இடத்தில் வைத்து வெல்டு அடித்தார். இரண்டு வாரம் கழித்துப் பெட்டி வந்தது. கார் கம்பெனியின் முத்திரை பளபளவென்று இருந்தது. பக்கவாட்டில் மூன்று படங்கள். ஒரு குடை. காலுள்ள ஒரு கண்ணாடிக் கிளாஸ். மேல் நோக்கி இரண்டு அம்பு.

மூவரும் பெட்டியைச் சுற்றி உட்கார்ந்தார்கள்.

"குடை புரியுது" என்றான் சீரங்கன். வீட்டுக்குப் போய்க் குடையை எடுத்து வந்து பெட்டிக்கு மேலே விரித்துப் பிடித்துக்கொண்டான். வானத்தில் ஒரு மேகம்கூட இல்லை.

கிளாஸுக்காக வையாபுரி பேக்கரிக்குப் போனார். படத்தில் இருப்பது போலக் கால் வைத்த கிளாஸ் ஃபலூடா போடுவதற்கு மட்டும்தான் அங்கே இருந்தது. காலி கிளாஸாகத் தர மாட்டோம் என்றார்கள். படத்தில் இருந்த கிளாஸ் காலியாக இருந்ததால், ஃபலூடாவை அங்கேயே நின்று சாப்பிட்டுவிட்டு, கிளாஸைக் கெஞ்சி வாங்கி வந்து பெட்டியின் பக்கத்தில் வைத்தார்.

மிஞ்சியது அம்பு.

"இந்தப் பக்கம் மேல இருக்கணும்னு அர்த்தம்" என்றார் அர்த்தநாரி. "சாயக் கூடாது."

"எது வரைக்கும்ணா?" என்று கேட்டான் சீரங்கன். "பெட்டியைப் பிரிக்கிற வரைக்குமா?"

"அப்படின்னு போட்டிருக்குதா?"

சீரங்கன் குடையோடு பெட்டியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "போடலைங்க."

"அப்ப ஓனர்கிட்ட ஒப்படைக்கிற வரைக்கும்."

இங்கேதான் சிக்கல் வந்தது. பெட்டிக்குள் கிளட்ச் தோசை மாதிரிப் படுத்திருந்தது. காருக்குள்ளோ அது சக்கரம் மாதிரி நிற்க வேண்டும். நிறுத்தினால் அம்பு பக்கவாட்டில் பார்க்கும். கம்பெனி பொறுப்பில்லை. பன்னிரண்டு ரிக்கும் சாலையைக் கடந்து எதிர்ப்பக்கம் போகும்.

வேறு மெக்கானிக்குகளாக இருந்தால் இந்த இடத்தில் கையைப் பிசைந்துகொண்டு நின்றிருப்பார்கள். ஆனால் இவர்கள் ரிக் வேலைக்காரர்கள். ரிக்கில் கம்பி, குழாய், மோட்டார் எல்லாமே செங்குத்தாக நின்றுகொண்டுதான் வேலை செய்யும். படுத்துக் கிடக்கும் எதைப் பார்த்தாலும் அவர்களுக்கு அது இன்னும் வேலையை ஆரம்பிக்கவில்லை என்றுதான் தோன்றும்.

"கிளட்ச்சைத் திருப்பக் கூடாது" என்றார் அர்த்தநாரி நிதானமாக. "காரைத் திருப்பக் கூடாதுன்னு எங்கியும் போடலை."

பட்டறையில் ஒரு பழைய ரிக் இருந்தது. அதன் மாஸ்ட் என்கிற இரும்புக் கோபுரத்தைத் தூக்கி நிறுத்தினார்கள். காரின் மூக்கில் பெல்ட் போட்டு மேலே இழுத்தார்கள். கார், சுவரில் ஏறும் பல்லியைப் போல, வானத்தைப் பார்த்து நின்றது. பின்சக்கரங்கள் தரையிலிருந்து ஒரு முழ உயரத்தில் இருந்தன.

ஒரு பகல் முழுக்க வேலை நடந்தது. பழைய பிளேட்டைக் கழற்றித் துணியில் வைத்தார்கள். புதுக் கிளட்ச்சை, அம்பு பார்த்த திசை மாறாமல், இரண்டு பேர் தாம்பாளத்தைத் தூக்குவது போலத் தூக்கிப் போனார்கள். சீரங்கன் குடை பிடித்தபடி கூடவே நடந்தான். இன்னொரு கையில் கிளாஸ்.

அடுத்தது பத்து கிலோமீட்டர்.

"இறக்கினா அம்பு சாயும். நிக்கறபடியே ஓட்டலாம்" என்றார் அர்த்தநாரி. "சக்கரம் சுத்துனா கிலோமீட்டர் ஏறும்."

"எங்க போறதுங்க?" என்றார் வையாபுரி.

"மூக்கு எந்தப் பக்கம் இருக்குதோ அந்தப் பக்கம்."

வையாபுரி ஏணி வைத்து ஏறி, சீட்டில் மல்லாக்கப் படுத்தவாறு உட்கார்ந்து, பெல்ட் போட்டுக்கொண்டார். வண்டி கிளம்பியது. முதல் இரண்டு கிலோமீட்டர் வரை சாதாரணமாகப் பேசிக்கொண்டார்கள். ஐந்தாவது கிலோமீட்டருக்கு மேல் அர்த்தநாரி இரண்டு கைகளையும் வாயருகே குவித்துக் கத்த ஆரம்பித்தார்.

"வையாபுரீ... கிளட்ச் எப்படி?"

"வெண்ணெய் மாதிரீ..."

"என்ன தெரியுது?"

"ஆகாசம் மட்டுந்தான் தெரியுதுங்க. நடுவுல ஒரு பருந்து குறுக்க வந்துச்சு. ஹார்ன் அடிச்சேன், ஒதுங்கிருச்சு."

பத்து ஆனதும் வையாபுரி வண்டியை நிறுத்தி, ஏணியைப் பிடித்து மெதுவாக இறங்கினார். தரையில் கால் வைத்ததும் அவருக்குக் கொஞ்சம் தலை சுற்றியது. உயரம் பழக்கமில்லாததால் அப்படித்தான் இருக்கும் என்று சீரங்கன் சோடா கொடுத்தான்.

வெள்ளிக்கிழமை ஜெகநாதன் வந்தார். தூரத்தில் வரும்போது, யாரோ விளம்பரப் பலகை வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தார். கிட்டே வந்தபின் காரைச் சுற்றி ஒரு நடை நடந்தார். அர்த்தநாரி ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். அவர் உட்கார்ந்தார். எதிர்ப்பக்கத்துச் சுவர் மேல் ஈஸ்வரமூர்த்தியின் ஆட்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள்.

"ஒரிஜினல்?" என்றார் ஜெகநாதன், வேறு எதைக் கேட்பது என்று தெரியாமல்.

பெட்டியைக் காட்டினார்கள். முத்திரை இருந்தது.

"பழசு?"

துணியைப் பிரித்தார்கள். கருகிய பிளேட் இருந்தது.

"பத்து கிலோமீட்டர்?"

"ஏறிப் பார்த்துக்கங்க, மீட்டர்ல இருக்குதுங்க."

ஏணியில் ஏறிப் பார்த்தார். இருந்தது. இறங்கி வந்து, தப்பு எங்கே என்று விரல்விட்டு எண்ணிப் பார்த்தார். மூன்று விரல் மடங்கியது. மூன்றிலும் ஒன்றும் அகப்படவில்லை. சுவர் மேல் இருந்தவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஜெகநாதன் பேச்சு மாறாதவர்.

"திங்கட்கிழமையில இருந்து ரிக்கெல்லாம் இங்க வரும்" என்றார் மெல்லிய குரலில். "முதல்ல காரைக் கீழ இறக்குங்க."

அர்த்தநாரிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் வேலையில் கறாராக இருப்பவர்.

"உடனே இறக்க முடியாதுங்க. வண்டி பத்து கிலோமீட்டர் மேல இருக்குது. அங்கிருந்து சட்டுன்னு விட்டா என்னத்துக்கு ஆகும்? போனபடியே ரிவர்ஸ்ல வரட்டும். வந்ததும் பெல்ட்டைக் கழட்டிக்கலாம்."

வையாபுரி ஏணியில் ஏறி ரிவர்ஸ் கியரைப் போட்டார். சக்கரங்கள் பின்னால் சுற்றின. சீரங்கன் காருக்கு அடியில் இருந்த சாமான்களை ஒதுக்கி வைத்தான்; ஃபலூடா கிளாஸ் மட்டும் அங்கேயே இருந்தது. வையாபுரி ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் எண்ணைச் சொல்லிக்கொண்டே வந்தார். அவர் குரல் வரவர நன்றாகக் கேட்பது போல இருந்தது.

ஈஸ்வரமூர்த்தி பொறுக்க முடியாமல் சாலையைக் கடந்து வந்தான். "என்னங்க மாமா நடக்குது இங்க?"

"ஓரமா நில்லுங்க மாப்பிள்ளை" என்றார் அர்த்தநாரி. "வண்டி இறங்குது."

ஈஸ்வரமூர்த்தி சிரித்துக்கொண்டே ஜெகநாதனைப் பார்த்தான்.

"எட்டு" என்றார் வையாபுரி மேலிருந்து.

ஜெகநாதன் எழுந்தார். தலையைத் தூக்கி ஒருமுறை வானத்தைப் பார்த்தார். பிறகு நாற்காலியை நாலடி பின்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார்.

"அந்தக் கிளாஸையும் எடுத்துருங்கப்பா" என்றார். "வந்து இறங்கறப்ப உடைஞ்சிரும்."