கோர்ட்டைக் கலைக்கும் அதிகாரம்

பிளஸ் டூ பரீட்சைக்குப் பையன் படிக்கட்டுமே என்று தெருமுனை ஒலிபெருக்கியின் வயரைப் பிடுங்கினேன். அதற்கு என் மேல் ஒரு கேஸ். மறுநாள் காலை கோர்ட். ஜெயிலா, அபராதமா என்று நான் புலம்பிக்கொண்டிருந்த நேரம் பார்த்து, என் நாத்தனார் புருஷன் சவரிராஜ் அண்ணன் வந்து சேர்ந்தார். மாஜிஸ்ட்ரேட் கோர்ட்டில் டவாலியாக இருந்து ரிட்டயர் ஆனவர். வாசலில் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற வேலை. அவர் பேச்சைக் கேட்டால், நீதிபதிகள் எல்லாரும் இவரிடம் லீவு எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் வீட்டுக்கே போவார்கள்.

"புஷ்பா, நீ ஏம்மா பயப்படுறே? தண்டனை எவ்வளவுன்னு முடிவு பண்றது ஜட்ஜா? என் இருமல்! ஒரு இருமல்னா அபராதம். ரெண்டுன்னா ஒரு வாரம் உள்ளே. ஒருநாள் எனக்குக் கக்குவான் வந்து, லைட் இல்லாம சைக்கிள் ஓட்டினவனுக்கு ஆயுள் தண்டனை ஆயிடுச்சு."

"சின்ன கோர்ட்டுக்கு அவ்வளவு அதிகாரம் ஏது மச்சான்?" என்றார் என் வீட்டுக்காரர், பேப்பரை இறக்காமல்.

"அதான் உடனே கஷாயம் குடிச்சு நானே குறைச்சு விட்டேனே!"

எனக்கு வந்த கோபத்தில் ரெண்டு பச்சை மிளகாய் கூடுதலாக நறுக்கிவிட்டேன். அவர் நிறுத்தினால்தானே?

"பஸ் ஸ்டாண்டுல எச்சில் துப்பினவனை, அந்த இடத்தைக் கழுவிவிடச் சொல்லித் தீர்ப்பு. நான் போட்ட அதட்டல்ல நடுங்கிப்போய்த் தேய்ச்சான் பாரு, தரை போச்சு, தூண் போச்சு. பஸ் ஸ்டாண்டை ஏன் ஊருக்கு வெளியே மாத்தினாங்கன்னு நினைச்சே?"

"அண்ணே, எனக்கு நாளைக்கு என்ன ஆகும்? அதை மட்டும் சொல்லுங்க."

"அதிகம் போனா, கோர்ட் கலையும் வரை காவல். அன்னிக்கு வேலை முடியுற வரைக்கும் பெஞ்சுல உட்காரணும், அவ்வளவுதான். ஆனா கோர்ட் எப்போ கலையும்? நான் சொன்னாத்தான் கலையும்! ஒருநாள் சொல்ல மறந்து கல்யாணத்துக்குப் போயிட்டேன். கோழி திருடினவன் ஒருத்தன் உட்கார்ந்தான் உட்கார்ந்தான், பெஞ்சுலயே அவனுக்குக் கல்யாணம், புள்ளை குட்டி. கடைசியில அவன் பொண்ணு வக்கீலுக்குப் படிச்சு வந்து அப்பனை வெளியே எடுத்துச்சு."

"ஜட்ஜ்?"

"நாற்காலியிலயே ரிட்டயர் ஆயிட்டார், பாவம்."

மறுநாள் துணைக்கு வருகிறேன் என்று கூடவே கிளம்பினார். வேறு யாரோ ஒருவரின் வழக்கு நடந்துகொண்டிருந்தது. பழக்கதோஷம், அண்ணன் திடீரென்று எழுந்து நின்று, கட்டடம் அதிர, "புஷ்பராணி! புஷ்பராணி! புஷ்பராணி!" என்று மூன்று தடவை கத்தினார். நிஜ டவாலி வாசலில் திகைத்து நின்றார்.

மாஜிஸ்ட்ரேட் அம்மா கண்ணாடியைக் கழற்றினார். "யார் நீங்க?"

"முப்பத்திரண்டு வருஷ சர்வீஸ்ங்கம்மா."

"அப்ப உங்களுக்கே தெரியும். கோர்ட் கலையும் வரை அந்தப் பெஞ்சுல உட்காருங்க."

அடுத்து என் வழக்கு. எச்சரித்து விட்டுவிட்டார். பதினொன்றேகாலுக்கு நான் ஆட்டோவில் இருந்தேன்.

சாயங்காலம் ஆறு மணிக்கு அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு வந்தார். "ஜட்ஜம்மா என்னை விடவே மாட்டேன்னுட்டாங்க புஷ்பா. அனுபவசாலி பக்கத்துல இருந்தாத்தான் தீர்ப்பே வருதாம்."

"அதெல்லாம் சரிண்ணே. நீங்க சொன்னாத்தானே கோர்ட் கலையும்? பன்னிரண்டு மணிக்கே சொல்லியிருக்கலாமே, மத்தியானம் வச்ச மீன் குழம்பு தீர்ந்துபோச்சு."