நாற்பது நாள் கூடை

சிவகாசியில் ஒரு அச்சாபீஸுக்கு மேலே இருந்த மாடி அறையில் ஜெயராக்கினி டீச்சர் கைவேலை சொல்லிக் கொடுத்தார். டீச்சருக்கு இருபத்தெட்டு வயது. கற்றுக்கொள்ள வந்தவர்கள் எல்லோரும் அவரைவிட மூத்தவர்கள். அவர்கள் இவரை டீச்சர் என்பார்கள். இவர் அவர்களை அக்கா என்பார்.

காசு கொடுத்து வாங்கின சரக்கு அந்த அறைக்குள் வராது. மை மாறி விழுந்து வீணான காலண்டர் தாள்தான் எல்லாவற்றுக்கும். தாளை நோட்டு அளவுக்கு வெட்டி, ஒரு மூலையில் ஈர்க்குக் குச்சியை வைத்துச் சாய்வாகச் சுருட்டிக்கொண்டே போக வேண்டும். எதிர் மூலை வந்ததும் அந்த நுனியில் மட்டும் ஒரு பொட்டு மைதாப் பசை. ஈர்க்கை உருவிவிட்டால் தாள் ஒரு குச்சியாகிவிடும். குச்சியைப் பின்னினால் கூடை, தட்டு, கண்ணாடிக்குச் சட்டம், கைப்பை என்று எதுவும் வரும்.

அங்கே வந்தவர்களில் சண்முகவடிவுக்குத்தான் கை நன்றாக வந்தது. வயது ஐம்பது. பள்ளிக்கூடப் பக்கம் போனதில்லை. ஒரே மகள் செண்பகம், மூன்று வருடத்துக்கு முன்னால் தன் இஷ்டத்துக்குக் கல்யாணம் செய்துகொண்டு போய்விட்டாள். எந்த ஊர் என்றுகூடத் தெரியாது. அந்தப் பெயரை வீட்டில் எடுக்கக் கூடாது என்று வடிவின் புருஷன் வேலுச்சாமி சொல்லிவிட்டார். போன் நம்பரையும் மாற்றிவிட்டார். தபால்காரர் சைக்கிள் தெருவில் வந்தால் வடிவு வாசலைக் கூட்டுகிற மாதிரி போய் நிற்பாள். அவர் போன பிறகு உள்ளே வருவாள்.

வேலுச்சாமி கீழே இருந்த அச்சாபீஸில்தான் பைண்டிங் வேலை பார்த்தார். வடிவுக்கு வேண்டிய தாளை அவரே சாக்கில் கட்டிக் கொண்டுவந்து போடுவார்.

"உங்க வீட்டுக்காரர் மாதிரி ஒருத்தர் கிடைக்கணுமே. என் வீட்டுல ஒரு துண்டுப் பேப்பர் கேட்டா, போடி கிறுக்கச்சிங்கறாரு" என்பாள் குருவம்மா. பக்கத்தில் உட்கார்ந்து தட்டு பின்னுகிறவள்.

வடிவு சிரிப்பாள்.

அவள் ஒரு கூடை பின்னினாள். நாற்பது நாள் ஆனது. பெயின்ட் அடிக்கவில்லை. காலண்டர் எண்ணெல்லாம் சிவப்பும் நீலமுமாகப் புள்ளி புள்ளியாய்த் தெரியும்படி விட்டிருந்தாள். மறுநாள் மகளிர் குழுக் கண்காட்சி. கூடையை அங்கே முன் மேசையில் வைப்பதாகப் பேச்சு. கூடை எடுக்க முதல் நாளே ஆட்டோ பன்னிரண்டு மணிக்கு வரும்.

பதினோரு மணிக்கு வடிவு கூடையை டீச்சர் மடியில் வைத்தாள்.

"பாருங்க டீச்சர். இதுல இனி ஏதாச்சும் பாக்கி இருக்கா?"

டீச்சர் கூடையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். பிறகு கவிழ்த்து, விளிம்புக்கு அடியில் பார்த்தார்.

ஒரு இடத்தில் அவர் விரல் நின்றது.

"என்ன டீச்சர், பசை விட்டிருச்சா?"

டீச்சர் ஜன்னல் வெளிச்சத்துக்குக் கூடையைக் கொண்டுபோனார். மறுபடியும் பார்த்தார். பிறகு மேசையிலிருந்த பெரிய கத்திரியை எடுத்தார்.

ஒரே வெட்டு. கூடையின் காது அறுந்து தொங்கியது.

"ஐயோ!" என்றாள் வடிவு.

குருவம்மா கையிலிருந்த தட்டு கீழே விழுந்தது.

டீச்சர் நிறுத்தவில்லை. விளிம்பை வெட்டினார். நெட்டாக நின்ற குச்சிகளை ஒவ்வொன்றாய் வெட்டினார். கூடை ஒரு பக்கம் வாயைப் பிளந்தது.

"டீச்சர்! நாப்பது நாளு டீச்சர்! கண்ணு போக உக்காந்து பின்னினது! நான் என்ன தப்பு பண்ணிட்டேன்?" வடிவு கத்திரியைப் பிடிக்கப் போனாள்.

"கைய எடுங்கக்கா. வெட்டிரப் போகுது."

"பிடிக்கலைன்னா பிடிக்கலைன்னு சொல்லுங்க! இப்படியா செய்வாக?"

"யக்கா, டீச்சருக்கு என்னமோ ஆயிருச்சு. கீழ போயி ஆளக் கூப்பிடவா?" என்றாள் குருவம்மா.

வெட்டின குச்சிகளெல்லாம் தரையில் உருண்டன. டீச்சர் ஒரே ஒரு குச்சியை மட்டும் வெட்டவில்லை. அதைச் சுற்றி இருந்ததையெல்லாம் நீக்கிவிட்டு, பாம்புக் குட்டியைத் தூக்குவதுபோல அதை மெல்ல உருவினார். நுனியைக் காட்டினார்.

மற்றதெல்லாம் அச்சு. அந்த நுனியில் மட்டும் பால்பேனா எழுத்து.

"இதென்ன, கிறுக்கினாப்புல இருக்கு?" என்றாள் வடிவு. அவளுக்கு இன்னும் மூச்சு வாங்கியது.

"கிறுக்கல் இல்லக்கா. பேரு."

"யார் பேரு?"

"செண்பகம்னு எழுதியிருக்கு."

குருவம்மா எழுந்து வந்து எட்டிப் பார்த்தாள்.

டீச்சர் விரலைத் தண்ணீரில் தொட்டு நுனியில் வைத்தார். பசை இளகியது. தாளை அவசரப்படாமல் பிரித்தார். ஒரு நோட்டுத் தாள். இரண்டு பக்கமும் எழுத்து. கடைசி மூலையில் கையெழுத்து.

வடிவு அந்தத் தாளைப் பார்த்தாள். நடுவில் நான்காய் மடித்த தடம் இருந்தது. அவள் கை தானாக வாய்க்குப் போனது.

"இந்தத் தாளு எனக்குத் தெரியும்."

"எப்படிக்கா?"

"மடிச்சு மடிச்சு இருந்துச்சு. ஆபீஸ் கணக்குத் தாளுன்னு நெனச்சேன். மடிப்பு போகலைன்னு உள்ளங்கையால நீவி நீவி... அப்புறம்தான் சுருட்டினேன்."

"எங்க இருந்துச்சு?"

"சாக்குலதான். அவரு கொண்டாந்து போட்ட சாக்குல."

குருவம்மா மெதுவாகக் கேட்டாள். "உங்க வீட்டுக்காரருக்கு வாசிக்கத் தெரியும்ல?"

கீழே மிஷின் ஓடுகிற சத்தம் தரை வழியாக வந்தது. அங்கேதான் வேலுச்சாமியும் வேலை பார்த்துக்கொண்டிருந்தார்.

"வாசிங்க டீச்சர்" என்றாள் வடிவு.

டீச்சர் வாசித்தார்.

"இந்தக் கடுதாசி யார் கைக்குக் கிடைச்சாலும் எங்கம்மா சண்முகவடிவுகிட்ட வாசிச்சுக் காட்டுங்க. அவங்களுக்கு வாசிக்கத் தெரியாது."

டீச்சர் நிமிர்ந்து வடிவைப் பார்த்தார். பிறகு மேலே வாசித்தார்.

"அம்மா, எனக்கு எட்டு மாசம் முடியுது. டாக்டரம்மா ஒரு தேதி சொன்னாங்க. உனக்குத் தெரியணும்னு பஞ்சாங்கம் பாத்துச் சொல்றேன், ஆவணி பன்னெண்டு. இது மாமியார் இல்லாத வீடு. இவர் நல்லாத்தான் பாத்துக்கிறார். ஆனா இவருக்கு என்ன தெரியும்? எனக்குப் பயமா இருக்கு. சண்டை போடணும்னா வந்து போடு. அடிக்கணும்னா அடி. ஆனா வா. போன் நம்பர் எழுதல. அப்பா கூப்பிட்டு எதுவும் பேசிட்டா இவரு தாங்க மாட்டாரு. தேனி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால அரிசிக் கடைச் சந்து, மூணாவது வீடு. நீ வரலைன்னா உனக்கு இஷ்டம் இல்லைன்னு நெனச்சுக்கிறேன். செண்பகம்."

"இன்னைக்கு என்ன தேதி?" என்றாள் வடிவு.

டீச்சர் வாயைத் திறந்தார். சொல்லத் தெரியவில்லை. குருவம்மா விரலை மடக்கிப் பார்த்துவிட்டு விழித்தாள். தரை முழுக்கத் தேதி சிதறிக் கிடந்தது. போன வருடத்து மார்கழி, அடுத்த வருடத்துத் தை, எந்த வருடமோ தெரியாத ஒரு தீபாவளி. அன்றைக்கு என்ன தேதி என்று அந்த அறையில் ஒருத்திக்கும் தெரியவில்லை.

குருவம்மா படியில் தடதடவென்று இறங்கி ஓடினாள். அச்சாபீஸ் சுவரில் தொங்கினதைப் பார்த்துவிட்டுக் கீழே இருந்தே கத்தினாள்.

"பதினொண்ணு! யக்கா, ஆவணி பதினொண்ணு!"

வடிவு எழுந்தாள்.

"வீட்டுக்கு வந்திருந்தா என் கையிலதான குடுத்திருப்பாக, ஆபீஸுக்குத்தான் வந்திருக்கு. சாக்க வச்சுட்டு அவரு என்ன சொன்னாரு தெரியுமா டீச்சர்? இந்தத் தடவ தாளு நிறைய இருக்கு, ஒண்ணு விடாம எல்லாத்தையும் சுருட்டிருன்னு சொன்னாரு. நான் சரின்னேன். காப்பி போட்டுக் குடுத்தேன்."

டீச்சர் தன் பர்ஸை எடுத்து அவள் இடுப்பில் செருகினார்.

"பன்னெண்டு மணி ஆட்டோ கூடைய எடுக்கத்தான வருது? அதுல ஏறி பஸ் ஸ்டாண்டுக்குப் போங்க. மதுரை போயி மாறணும். குருவம்மாக்கா கூட வருவாங்க."

"வாரேன், வாரேன்" என்று மூச்சிரைக்க மேலே வந்து நின்றாள் குருவம்மா. "எம் புருஷன் ஒரு நாளு சோத்த வடிச்சா கை வெந்தா போகும்?"

வடிவு நகரவில்லை. வெட்டிப் போட்ட குச்சிகளுக்கு நடுவில் நின்றபடி கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். பசை காய்ந்து விரலெல்லாம் வெள்ளையாய் இருந்தது.

"நாப்பது நாளு" என்றாள். "எம்புள்ள கூப்பிட்டுக்கிட்டே இருந்திருக்கா. நான் அத மடியில வச்சுப் பின்னிக்கிட்டு இருந்திருக்கேன். பாக்கி இருக்கான்னு வேற உங்ககிட்ட கேட்டேன்."

டீச்சர் ஈரத் துணியால் அவள் விரலைத் துடைத்துவிட்டார்.

"நாளைக்கு அவ, ஏம்மா இத்தன நாளு வரலைன்னு கேட்டா? எங்கையாலேயே சுருட்டிட்டேன்னு எப்படிச் சொல்லுவேன் டீச்சர்? நானேதான சுருட்டினேன்?"

வெளியே ஆட்டோ ஹாரன் கேட்டது.

டீச்சர் அந்தத் தாளை அவள் கையில் வைத்து, விரல்களை மூடினார்.

"இறுக்கிச் சுருட்டியிருக்கீங்கக்கா. அதான் உள்ள ஒரு எழுத்துகூட அழியல."