எட்டாவது கால்

ஜெயராக்கினி மேஸ்திரியிடம் ஒரு கேள்வி கேட்பதற்கு முன் நாலு தடவை யோசிக்க வேண்டும். வாயால் பதில் வராது. பதிலுக்கு ஒரு வேலைதான் வரும்.

மேஸ்திரிக்கு முப்பத்திரண்டு வயது. பைப்பும் கிளாம்பும் கொண்டு நிறுத்துகிற எதுவாக இருந்தாலும் அந்தச் சுற்றுவட்டாரத்தில் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தண்ணீர்த் தொட்டிக்கு ஸ்டாண்டு, கோபுரத்துக்குச் சாரம், கூட்டத்துக்கு மேடை, திருவிழாவுக்கு ஜனங்கள் உட்கார்ந்து பார்க்கப் படிப்படியாகப் பலகை அடுக்கின காலரி. அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. கட்டி முடித்ததும் இடுப்பிலிருக்கிற ஸ்பானரை எடுத்து, கீழிருந்து மேல்வரை ஒவ்வொரு கிளாம்பையும் தன் கையால் திருகிப் பார்ப்பார். அது முடியாமல் பலகைமேல் கால் வைக்க மாட்டார். பிறகு முன்பக்கத்துப் பைப்புக் காலில் ஒரு சிவப்புத் துணியைக் கட்டுவார். துணி கட்டிவிட்டால் யார் வேண்டுமானாலும் ஏறலாம். பதினோரு வருஷமாக அவர் துணி கட்டியது எதுவும் ஆடினதில்லை என்று ஊரில் சொல்வார்கள். அதில் ஒரு சொல்கூடப் பொய்யில்லை.

அவரிடம் தொழில் கற்றுக்கொண்டிருந்தவன் மாடக்கண்ணு. வயது நாற்பத்தாறு. சிரிப்பவர்கள் சிரித்துக்கொள்ளலாம், அவனுக்குக் கவலையில்லை. வாலிபத்தில் வெள்ளமடைப்பட்டியின் இளவட்டக்கல்லைத் தூக்கித் தோளுக்குமேல் பின்னால் போட்டவன் அவன். பஞ்சு குடோனில் மூட்டை தூக்கினான். குடோனை வேறு ஊருக்கு மாற்றியபோது மேஸ்திரியிடம் வந்து சேர்ந்தான். தன்னைவிடப் பதினாலு வயது குறைந்த பெண்ணிடம் வேலை கற்கிறோமே என்று ஒருநாளும் கூசியதில்லை. ஆனால் தன் கையைப் பற்றி அவனுக்கு ஒரு கர்வம் இருந்தது.

"நான் இறுக்கினா இறுக்கினதுதான். பொறவு ஆனை வந்துதான் அவுக்கணும்," என்பான்.

மேஸ்திரி அதைக் கேட்டுக்கொள்வார்.

ஒருநாள் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் மாடக்கண்ணு வாய் திறந்தான்.

"மேஸ்திரியம்மா, ஒண்ணு கேக்கணும்."

"கேளுங்க அண்ணாச்சி."

"மூணு வருசம் ஆச்சு. நான் எப்ப துணி கட்டுவேன்?"

மேஸ்திரி தூக்குச்சட்டியைக் கழுவிக் கவிழ்த்தார்.

"வெள்ளிக்கிழமை தேரு. வடக்குத் தெருவுல பொம்பளையாளுகளுக்கு காலரி கேட்டிருக்காங்க. எட்டுக் கால், மூணு வரிசை. நீங்க கட்டுங்க. நான் வியாழக்கிழமை சாயங்காலம் வாரேன்."

அவ்வளவுதான் பதில். மாடக்கண்ணுவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

அவன் பெண்சாதி தங்கபுஷ்பத்துக்கோ கால் தரையில் பாவவில்லை. அந்த ஊர்ப் பெண்கள் இத்தனை வருஷமும் தேர் பார்த்தது ஆம்பளைகளின் முழங்கை இடுக்கு வழியாகத்தான். தேர் வருகிறது என்று சத்தத்தை வைத்துத் தெரிந்துகொள்வார்கள், போய்விட்டது என்று தூசியை வைத்துத் தெரிந்துகொள்வார்கள். முதல் தடவையாக உட்கார்ந்து பார்க்கப் போகிறார்கள், அதுவும் தன் புருஷன் கட்டின காலரியில். அக்காமார் மூன்று பேருக்கும் போன் போட்டுச் சொல்லிவிட்டாள். தண்ணீர்க் குழாயடியிலும் சொல்லிவிட்டாள். மேல்வரிசையில் மேற்கு மூலை தனக்கு என்று இடமும் பிடித்துவிட்டாள். வடம் பிடித்துத் தேரைத் திருப்புவது அங்கிருந்துதான் நன்றாகத் தெரியும்.

வியாழக்கிழமை விடியற்காலையிலேயே மாடக்கண்ணு தெருவில் இறங்கிவிட்டான். பைப்புகளையும் பலகைகளையும் இறக்கிக் கொடுத்துவிட்டு வண்டி போய்விட்டது. மேஸ்திரி கொடுத்திருந்த ஸ்பானர் ஒரு சாண் நீளம். அவன் கைக்கு அது பல் குத்துகிற குச்சி மாதிரி இருந்தது. இரண்டடிப் பைப்புத் துண்டு ஒன்றை எடுத்து அதன் வாலில் மாட்டிக்கொண்டான். இப்போது இழுத்தால் நட்டு கீச்சென்று முனகியது. அந்தச் சத்தம் அவனுக்குப் பிடித்திருந்தது.

முதல் காலை நிறுத்தினான். குறுக்குப் பைப்பை வைத்து, கிளாம்பைப் பூட்டி, ஒரே இழுப்பில் முழுசாக இறுக்கினான். அடுத்த கால். அதையும் அப்படியே. ஒன்றை முடித்துவிட்டுத்தான் அடுத்ததற்குப் போனான். மூன்றரை மணிக்கெல்லாம் எட்டுக் காலும் மூன்று வரிசைப் பலகையும் வடக்குத் தெருவில் ராஜா மாதிரி நின்றன. எதிரே டீக்கடை போட்டிருக்கும் இசக்கி கடையை விட்டு வெளியே வந்து, இடுப்பில் கைவைத்து, மேலும் கீழும் பார்த்தார்.

"பரவாயில்லவே. ஒரு ஆளாக் கட்டிட்டீரு."

"கட்டுறதென்ன அண்ணாச்சி. இறுக்குறதுலதான் இருக்கு," என்றான் மாடக்கண்ணு.

நாலரை மணிக்கு மேஸ்திரி வந்தார். இசக்கியிடம் ஒரு டீ வாங்கினார். குடிக்கவில்லை. தளும்பத் தளும்ப இருந்த அந்தக் கிளாசை, கீழே நின்றபடியே கையை உயர்த்தி, மேல்வரிசைப் பலகையின் மேற்கு ஓரத்தில் வைத்தார். பிறகு அடிப்பைப்பின்மேல் ஒரு காலை ஊன்றி லேசாக அழுத்தினார்.

டீ சிந்திப் பலகையில் ஓடியது.

மேஸ்திரி சட்டைப்பையிலிருந்து தேர்த் திருவிழா நோட்டீசை எடுத்து, ஒவ்வொரு காலாகக் குனிந்து, அடித்தட்டுக்குக் கீழே செருகிப் பார்த்தார். ஏழு காலில் தாள் முட்டி நின்றது. எட்டாவது காலில் இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் வந்தது. அந்தக் கால் தரையில் இல்லை. ஒரு நகக்கண் உயரத்துக்கு அந்தரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது.

"ரோடு நடுவுல மேடு, ஓரம் இறக்கம்ல. அதான்," என்றான் மாடக்கண்ணு. "ஒரு ஓட்டுச்சில்லைக் கீழ திணிச்சா சரியாப் போவும்."

மேஸ்திரி ஸ்பானரை வாங்கித் திருப்பிப் பார்த்தார். வால் பக்கம் பைப்பு உரசின கீறல் புதுசாக மின்னியது. அதைக் கட்டைவிரலால் தடவிவிட்டு அவனிடமே கொடுத்தார். அவனுக்கு முகம் சுண்டிப்போயிற்று.

"எந்தக் கிளாம்ப் தப்பு மேஸ்திரியம்மா? சொல்லுங்க, மாத்திருதேன்."

"எதுவும் தப்பில்ல. ஒவ்வொண்ணும் நல்லாத்தான் இறுகியிருக்கு."

"பொறவு ஏன் கால் எந்திரிச்சு நிக்கி?"

டீக்கடைக்குப் பக்கத்தில் சைக்கிள் கடை. அங்கே கடைக்காரர் ஒரு சக்கரத்தைக் கவட்டையில் மாட்டி, கம்பிகளைத் திருகிக் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். மேஸ்திரி அந்தப் பக்கம் முகத்தைக் காட்டினார். மாடக்கண்ணு பார்த்தான். கடைக்காரர் ஒரு கம்பிக்குக் கால்வாசித் திருகு கொடுத்தார். சக்கரத்தைச் சுற்றிவிட்டார். எதிர்க்கம்பிக்குக் கால் திருகு. மறுபடியும் சுற்றிவிட்டார். ஆயிரம் தடவை பார்த்த வேலைதான்.

"ஒரு கம்பியை முழுசா இறுக்கிட்டுத்தான் அடுத்ததுக்குப் போறாரா?" என்று மேஸ்திரி கேட்டார்.

"இல்ல."

மேஸ்திரி மடியிலிருந்து மடித்த சிவப்புத் துணியை எடுத்து மாடக்கண்ணுவின் உள்ளங்கையில் வைத்தார்.

"இந்தாங்க."

"நீங்க இன்னும் திருகிப் பாக்கலையே."

"இது உங்க காலரி. கட்டணும்னா கட்டுங்க."

சொல்லிவிட்டு, மிச்சம் கிடந்த பலகை அடுக்கின்மேல் போய் உட்கார்ந்துகொண்டார்.

மூன்று வருஷமாகக் கேட்ட துணி. கையில் இருந்தது. அதற்குள் தங்கபுஷ்பம் இரண்டு அக்காமாரோடு வந்துவிட்டாள். கையில் காப்பித் தூக்கு, தலையில் பூ, முகத்தில் ஊரையே வாங்கிவிட்ட களை.

"அந்தா, அந்த மூலைதான் எனக்கு," என்று அக்காமாருக்குக் காட்டினாள். "அவரு கட்டினதாக்கும். துணியும் அவரேதான் கட்டப் போறாரு, பாருங்க."

மாடக்கண்ணு அண்ணாந்து அந்த மூலையைப் பார்த்தான். அப்படியே பார்வையை இறக்கிக்கொண்டே வந்தான். மூலைக்கு நேர் கீழே எட்டாவது கால் நின்றது.

ஒரு ஓட்டுச்சில்லு போதும். யாருக்கும் தெரியாது. துணியைக் கட்டிவிட்டு, பெண்சாதி கொண்டுவந்த காப்பியைக் குடித்துவிட்டு வீட்டுக்குப் போய்விடலாம். மேஸ்திரிகூடத் தடுக்கப் போவதில்லை. அதுதான் அவனைக் கொன்றது. தடுத்திருந்தால் ரெண்டு வார்த்தை மல்லுக்கட்டியாவது பார்த்திருப்பான்.

துணியை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். ஸ்பானர் வாலில் இருந்த பைப்புத் துண்டை உருவி ஓரமாகப் போட்டான். முதல் காலுக்கே போய், முதல் கிளாம்பைத் தளர்த்தினான்.

டீக்கடையில் நாலு தலை திரும்பியது.

"என்னவே மாடக்கண்ணு, கட்டினதைப் பிரிக்கீரு? பொழுது சாயப் போவுது, காலையில தேரு," என்றார் இசக்கி.

மாடக்கண்ணுவை வெட்கம் பிடுங்கித் தின்றது. காது மடல் கொதித்தது. இளவட்டக்கல்லைத் தூக்கின அன்றைக்கு இதே தெருதான் அவனைத் தோளில் சுமந்து போனது. இன்றைக்கு அதே தெரு பார்க்க, தான் இறுக்கினதைத் தானே அவிழ்த்துக்கொண்டிருக்கிறான். ஆனை வரவில்லை, அவன்தான் அவிழ்த்தான்.

"என்னங்க, தப்பாயிட்டா?" என்று தங்கபுஷ்பம் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டாள்.

"நீ உக்காருற இடம் சரியா உக்காரல புஷ்பம். சரியாக்கிட்டுத் துணி கட்டுதேன்."

அவள் ஒரு நிமிஷம் அவன் முகத்தைப் பார்த்தாள். பிறகு காப்பித் தூக்கை அக்காவிடம் கொடுத்துவிட்டு இசக்கியைப் பார்த்துத் திரும்பினாள்.

"அண்ணாச்சி, அவரு கட்டினதை அவருதான அவுக்காரு. உங்க கடைப் பெஞ்சு ஒரு வருசமா ஒத்தக்காலு நொண்டுது, அதை முதல்ல பாருங்க."

டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. இசக்கியும் சிரித்துவிட்டார். மாடக்கண்ணு அடுத்த கிளாம்புக்குப் போனான்.

ஒவ்வொன்றாகத் தளர்த்திக்கொண்டே வந்தான். பைப்பு போட்டு இழுத்த வேகத்தில் மூன்று நட்டுக்கு மரை தேய்ந்துபோயிருந்தது. அவற்றைக் கழற்றி மேஸ்திரியின் காலடியில் கொண்டுபோய் வைத்தான். அவர் பையிலிருந்து மூன்று புது நட்டை எடுத்துக் கொடுத்தார்.

எட்டாவது காலுக்கு வந்தான். கீழ்க் கிளாம்பைத் தளர்த்தினான். நடுக் கிளாம்பைத் தளர்த்தினான். மேல் கிளாம்பின் நட்டு ஒரு சுற்று கழன்றதும் அந்தக் கால் யாரும் தொடாமலே இறங்கி, டக்கென்று தரையில் உட்கார்ந்தது.

மாடக்கண்ணு அப்படியே நின்றான். காலையிலிருந்து அந்தப் பைப்பு கீழே இறங்கத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறது. விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது தன் கைதான் என்று அப்போது அவனுக்கு விளங்கியது.

அதற்குப் பிறகு அவன் அவசரப்படவில்லை. எல்லாக் காலும் தரையில் அமர்ந்ததா என்று நோட்டீஸ் தாளை வைத்துப் பார்த்தான். தூக்குக்குண்டு விட்டு நேர் பார்த்தான். கிழக்கு மூலையில் கால்வாசித் திருகு, எதிரே மேற்கு மூலையில் கால் திருகு. ஒரு சுற்று முடிந்து மறு சுற்று வந்தான். சாண் ஸ்பானர் எவ்வளவு கொடுத்ததோ அவ்வளவோடு நிறுத்தினான். நட்டு முனகவில்லை. வேர்வை முதுகில் கோடு போட்டு இறங்கியது. சைக்கிள் கடைக்காரர் தன் வேலையை விட்டுவிட்டு இவனைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

சாயங்கால வெயில் கோபுரத்தின் உச்சிக்கு ஏறினபோது கடைசிக் கிளாம்பு முடிந்தது. மாடக்கண்ணு ஸ்பானரைத் துடைத்துக்கொண்டு மேஸ்திரியிடம் வந்தான். சட்டைப்பையிலிருந்து சிவப்புத் துணியை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினான்.

"நீங்க ஒருக்கா பாத்துருங்க மேஸ்திரியம்மா. சரியா இருந்தா நீங்களே கட்டுங்க. எனக்கு அடுத்த தடவை போதும்."

மேஸ்திரி எழுந்தார். துணியை வாங்கவில்லை. இசக்கியிடம் இன்னொரு டீ வாங்கினார், இதுவும் விளிம்புவரை. அதைக் கையில் பிடித்துக்கொண்டு காலரிப் பக்கம் நடந்தார். இப்போது அவர் இடுப்பிலிருந்து ஸ்பானரை எடுப்பார் என்று மாடக்கண்ணு பார்த்தான். எடுக்கவில்லை. முதல் பலகையில் கால் வைத்தார். இரண்டாவதில் வைத்தார். மேல்வரிசைக்கு ஏறி, பலகையோடு நடந்து, மேற்கு மூலையில், எட்டாவது காலுக்கு நேர்மேலே, தங்கபுஷ்பத்தின் இடத்தில் காலைத் தொங்கப் போட்டு உட்கார்ந்தார். கிளாசிலிருந்து ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

துணி கட்டாத பலகையில் மேஸ்திரி ஏறி அந்த ஊர் பார்த்ததே கிடையாது.

பெருமை என்றால் இளவட்டக்கல் அன்றைக்கு வந்ததுதான் என்று மாடக்கண்ணு இத்தனை நாளும் நினைத்துக்கொண்டிருந்தான். கையில் துணியோடு அண்ணாந்து பார்த்தான்.

"மேஸ்திரியம்மா, ஒரு கிளாம்பைக்கூடத் திருகிப் பாக்காம ஏறிட்டீங்களே."

ஜெயராக்கினி டீயை ஒரு வாய் குடித்தார்.

"ஊரு பாக்க அவுத்த கை அண்ணாச்சி அது. அந்தக் கை பூட்டினதை நான் எதுக்குத் திருகிப் பாக்கணும்?"