மூன்றாம் கட்டில் துரைராஜ்

மருதங்குளம் நர்சிங் கல்லூரியின் பட்டப்படிப்பு தேறுமா, தேறாதா என்று பார்த்துச் சொல்லப் பல்கலைக்கழகம் மூன்று பேரை அனுப்பியது. ஏன் இந்த மூன்று பேரை என்று கேட்காதீர்கள். மற்றவர்களுக்கு அன்றைக்கு வேலை இருந்தது.

தலைவர் பிரமநாயகம். உறுப்பினர்கள் ஆவுடையப்பன், தங்கபுஷ்பம். கிளம்பும்போது பதிவாளர் அக்கறையாகச் சொல்லி அனுப்பினார்:

"கட்டடத்தைப் பார்த்து மயங்கிராதீங்க. அங்க உள்ளவங்க சொல்றதைக் காதுல வாங்கிக்காதீங்க. நோயாளி குணமாகிறாரான்னு மட்டும் பாருங்க. போதும்."

கல்லூரி வாசலில் முதல்வர் செண்பகவடிவு கையில் மாலையோடு நின்றார். இவர்கள் சரி என்று எழுதாவிட்டால் அன்றோடு கல்லூரிக்குப் பூட்டு. கடைசி வருஷப் பிள்ளைகளுக்குப் பட்டம் கிடையாது.

மூவரும் காரைவிட்டு இறங்கியதும் கண்களை இறுக மூடிக்கொண்டார்கள். ஒருவர் தோளை ஒருவர் பிடித்துக்கொண்டு, வராந்தாத் தூண்களில் முட்டி முட்டி நடந்தார்கள்.

"நல்ல உறுதியான கட்டடம்," என்றார் ஆவுடையப்பன், நெற்றியைத் தடவியபடி.

"வோய், பாத்தீரா?" தலைவர் அதட்டினார்.

"பாக்கலே, முட்டினேன்."

"அப்ப சரி."

பயிற்சி அறைக்குள் வந்த பிறகுதான் கண்ணைத் திறந்தார்கள். அங்கே மூன்றாம் கட்டிலில் ஆள் உயரப் பொம்மை ஒன்று படுத்திருந்தது. பிள்ளைகள் அதற்குத் துரைராஜ் என்று பெயர் வைத்து, நிஜ நோயாளிக்குப் போலச் சேர்த்த தேதியோடு கட்டிலில் அட்டையும் தொங்கவிட்டிருந்தார்கள். காலையில் அதன் அக்குளைத் துடைத்துப் பழகியவர்கள், தூக்கிவிட்ட அதன் கையை இறக்க மறந்து போயிருந்தார்கள்.

"ஐயா, இது பிள்ளைங்க பழகுற..." என்று செண்பகவடிவு ஆரம்பித்ததும் மூவரும் தட்டிலிருந்த பஞ்சை எடுத்துக் காதில் அடைத்துக்கொண்டார்கள். அவர் வாய் வெகுநேரம் அசைந்தது. நின்றதும் பஞ்சை எடுத்தார்கள்.

தங்கபுஷ்பம் அட்டையை வாசித்தார். "சேர்த்து ஆறு வருஷமாச்சு! இன்னும் எந்திரிக்கலே. இதெல்லாம் ஒரு படிப்பா? மூடச் சொல்லிருவோம்."

"மோசமாகவும் இல்லையே," என்றார் ஆவுடையப்பன். "சேர்த்த அன்னைக்கு எப்படி இருந்தாரோ அப்படியே வச்சிருக்காங்க. எங்க மாமாவை ஒரே வாரத்துல முடிச்சுட்டாங்க."

தலைவருக்கு இரண்டு பக்கமும் நியாயமாகப் பட்டது. "படுத்துக் கிடக்கிறவரையே கேட்டுருவோம். படிப்பை மூடணும்ங்கிறவங்க கை தூக்குங்க."

தங்கபுஷ்பம் தூக்கினார். துரைராஜின் கை ஏற்கெனவே மேலே இருந்தது.

"பாத்தேளா? நாம கேக்க முன்னாலயே தூக்கியிருக்காரு. எம்புட்டு வெறுப்பு இருந்தா..." என்றார் தங்கபுஷ்பம்.

தலைவர் பேனாவைத் திறந்தார். செண்பகவடிவு ஒரே பாய்ச்சலில் கட்டிலருகே போய், துரைராஜின் கையைப் பிடித்து அழுத்தினார். டொடக் என்று கை கீழே வந்தது.

மூவரும் கட்டிலின் மேல் குனிந்தார்கள்.

"கை அசைஞ்சுட்டு வோய்!"

"ஆறு வருஷமா வராதது!"

"நம்ம கண்ணு முன்னால குணமாயிட்டாரே!"

தங்கபுஷ்பம் கண்ணைத் துடைத்துக்கொண்டு முதல் ஆளாகக் கையெழுத்துப் போட்டார். படிப்பு பிரமாதம் என்று மூவரும் எழுதினார்கள். செண்பகவடிவு நாற்காலியில் சரிந்தார். வெளியே பிள்ளைகள் போட்ட கூச்சல் ஓயவே இல்லை.

குணமானவரை எதற்குப் படுக்கையில் வைத்திருப்பது? அந்தக் கூச்சலுக்கிடையே மூவரும் துரைராஜுக்கு வேட்டி சட்டை மாட்டி, காரில் முன்சீட்டில் உட்கார வைத்துக் கொண்டுபோய்விட்டார்கள்.

சாயங்காலம் செண்பகவடிவுக்குப் போன் வந்தது. தலைவர்தான்.

"யம்மா, பஸ் ஸ்டாண்டுல நிக்கோம். டிக்கெட் எடுத்துச் சட்டைப்பையில வச்சாச்சு. துரைராஜ் பஸ்ல ஏற மாட்டேங்காரு."

"ஐயா, அது..."

"எனக்கும் புரியுது. ஆறு வருஷமா ஒரு தகவலும் சொல்லாம இருந்தா, வீட்டுக்காரி சும்மா விடுவாளா? பயப்படுதாரு. அதான் தங்கபுஷ்பம் முன்னால போய் அந்தம்மாகிட்ட சமாதானம் பேசட்டும்னு பஸ் ஏத்திவிட்டோம்."

"எந்த ஊருக்கு ஐயா?"

"அதை அவருல்லா சொல்லணும்! வாயே தொறக்கலே. பஸ் எதுவரைக்கும் போகுதோ அதுவரைக்கும் டிக்கெட் எடுத்திருக்கோம்."